சினிஸ்டர் என்றால் இடது

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது ஒரு மார்கழிக் காலையில். லண்டன் தெருக்களில் காலமெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. நீரிழிவுக்கு மட்டும் தினமும் குளிசை போட்டுக்கொண்டிருந்தார். பல் தீட்டிக்கொண்டு நின்றவரின் கையிலிருந்து பிரஷ் நழுவியது. எடுக்கக் குனிந்தவர் எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் சில கிழமைகள் இருந்தார். கோணிப்போன பேச்சு மெல்ல மெல்ல நேராகியது. வலது கால் ஒரு தடியின் துணையோடு நடக்கப் பழகியது. வலது கை மட்டும் வழங்கவில்லை. மடியில் வைத்தால் மடியிலேயே கிடந்தது.

விம்பிள்டனுக்கும் டூட்டிங்குக்கும் நடுவில் இருந்த எங்கள் வீட்டுக்கு அவர் திரும்பி வந்த அன்று, அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தேன். சோறு, பருப்பு, முருங்கைக்காய்க் கறி, மீன் குழம்பு. ஆஸ்பத்திரியில் தந்துவிட்ட தடித்த பிடிபோட்ட கரண்டியைத் தட்டின் இடப்பக்கத்தில் வைத்தேன். அங்கே அந்தக் கரண்டியால்தான் சாப்பிட்டார். நானே பார்த்திருக்கிறேன்.

அவர் கரண்டியைத் தொடவில்லை.

"ஏன், பசிக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"பசிக்குது. ஆனா ஏலாது."

"ஆஸ்பத்திரியில சாப்பிட்டனீங்கள்தானே?"

"அது அவிச்ச உருளைக்கிழங்கும் பீன்ஸும். மருந்து மாதிரி விழுங்கினது. இது சோறு." இடக்கையை உயர்த்தி என் முகத்துக்கு நேரே காட்டினார். "கழுவுற கையால சோத்தைத் தொடச் சொல்லுறீரோ?"

"கையால வேண்டாம். கரண்டியால சாப்பிடுங்கோ."

"கரண்டியைப் பிடிக்கிறது எந்தக் கை?"

தேத்தண்ணீரை இடக்கையால் குடிப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மென்று தின்னும் எதையும் அந்தக் கை அவர் வாய்க்குக் கொண்டுபோகக் கூடாது. சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம், கோயில், விரதம், அவருடைய பிடிவாதம், எல்லாம் சேர்ந்து அப்படி ஒரு விதியாகிவிட்டது. குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டேன். சோற்றைப் பிசைந்து, மீனில் முள் பார்த்து, ஒரு வாய் ஊட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். இரண்டாவது வாய்க்குக் கண் திறந்திருந்தது.

அன்று எனக்குள் வந்தது கவலை மட்டும்தான் என்று சொன்னால் அது உண்மையாகாது. எங்கள் கலியாண வாழ்க்கை ஷிப்டுகளுக்குள் நடந்தது. அவர் விடியப்புறம் போவார், அல்லது பின்னேரம் போவார். நான் அவருக்குச் சாப்பாட்டைப் போட்டு மூடி வைத்துவிட்டு என் வேலைக்குப் போவேன். திரும்பி வரும்போது சிங்குக்குள் வெறும் தட்டுக் கிடக்கும். அவர் என்ன முகத்தோடு சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. நான் சமைத்ததில் எது பிடித்தது என்பதை மிச்சம் கிடப்பதை வைத்துத்தான் அறிந்துகொள்வேன். இப்போது ஒவ்வொரு வாயும் என் கண்முன்னே நடந்தது. உப்புக் குறைந்தால் புருவம் சுருங்கியது. புளி சரியாக இருந்தால் அடுத்த வாய்க்கு முகம் கொஞ்சம் முன்னே வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்கு ஒரு தெரபிஸ்ட் வந்தாள். என் மகளின் வயதுதான் இருக்கும், கலகலப்பான வெள்ளைக்காரப் பெண். முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு சாப்பாடும் ஒரு பயிற்சி. வலது கை திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் இடது கை இனி எல்லா வேலையும் பழக வேண்டும். சாப்பிட, பூட்டுத் திறக்க, சட்டைத் தெறி போட. சிந்தட்டும், கொட்டட்டும், நேரம் போகட்டும், ஊட்டிவிட மட்டும் வேண்டாம் என்றாள். நானும் அவரும் தலையாட்டினோம். அவள் போனதும் நான் சோற்றைப் பிசைந்தேன்.

அடுத்த முறை அவள் வந்தபோது அவர் மேல்மாடியில், குளியலறையில் இருந்தார். என்னைத் தனியே கண்டதும் கேட்டாள், அவர் தானாகச் சாப்பிடுகிறாரா என்று.

"யெஸ்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "கரண்டியால் சாப்பிடுகிறார். கொஞ்சம் சிந்தும். ஆனால் சாப்பிடுகிறார்."

அவளுக்குச் சந்தோஷம். "நீங்கள் நல்லாய்ச் செய்கிறீர்கள்" என்று என் தோளைத் தொட்டாள். அவள் தொட்ட இடம் அன்று முழுக்கக் கூசிக்கொண்டே இருந்தது.

நான் அப்போது லண்டனின் மேற்கில் ஒரு பழைய பிரபு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். இப்போது அது காட்சிச்சாலை. சீருடை போட்டுக்கொண்டு அறை மூலையில் நின்று, ஆட்கள் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கிழமையில் சில நாள், அரை நாள் ஷிப்ட். விம்பிள்டனில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரெயில் ஏறி ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாறிப் போவேன். தை மாதத்தில் என்னைப் படுக்கையறைகளிலிருந்து கீழே பெரிய மண்டபத்துக்கு மாற்றினார்கள். அங்கே கணப்பு அடுப்புக்கு மேலே கல்லில் செதுக்கி வர்ணம் பூசிய பெரிய கேடயம் ஒன்று இருந்தது. அந்தக் குடும்பத்தின் சின்னம். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. ஒரு பாதியில் சிங்கம். மற்றப் பாதியில் மூன்று குருவிகள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆகவே அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேச நீங்கள் பழக வேண்டும் என்றாள் மனேஜர்.

பள்ளிக்கூடத்தில் நான் வரலாறு நன்றாகப் படித்தவள். இங்கே வந்தபின் சுப்பர்மார்க்கெட்டில் காசு வாங்கவும் அறை மூலையில் நிற்கவும்தான் என் மூளை தேவைப்பட்டது. ஆகவே அந்த ஐந்து நிமிடத்தை நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். மதிய இடைவேளையில் அலுவலகத்து அலமாரியில் இருந்த தடித்த அகராதிகளையும் குலச்சின்னங்கள் பற்றிய புத்தகங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது, கேடயத்தில் நாம் பார்க்கும் வலது வலதல்ல என்பது. கேடயத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பவனின் வலது எதுவோ அதுதான் வலது. அதற்கு டெக்ஸ்டர் என்று பெயர். அவனுடைய இடதுக்கு சினிஸ்டர். இரண்டும் லத்தீன் சொற்கள், வலது, இடது என்பதைத் தவிர வேறு பொருள் எதுவும் அந்தத் துறையில் அவற்றுக்குக் கிடையாது. கலியாணமானவர்களின் கேடயத்தில் கணவனின் குலம் டெக்ஸ்டர் பக்கத்திலும் மனைவியின் குலம் சினிஸ்டர் பக்கத்திலும் இருக்கும். சிங்கம் கணவன், குருவிகள் மனைவி. அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தாலி கட்டி முடிந்ததும் என்னை எழுப்பி அவருக்கு இடப்பக்கத்தில் மாற்றி இருத்தினார்கள். சிவனிலும் அம்மன் இடப்பாகம்தான். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பெண்டாட்டிக்கு ஒரே இடத்தைத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஆனால் ஆங்கிலத்தில் இன்றைக்கு சினிஸ்டர் என்றால் கெட்டது, கேடு சூழ்வது. இடதுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தேடினேன். அங்கேதான் எனக்கு வியப்பு. பழைய ரோமர்களுக்கு இடது கெட்டதாக இருக்கவில்லையாம். பறவைகள் பறக்கும் திசையைப் பார்த்துச் சகுனம் சொன்ன அவர்களுடைய குருமார் தெற்கைப் பார்த்து நிற்பார்கள். அப்போது சூரியன் உதிக்கும் கிழக்கு அவர்களுக்கு இடப்பக்கம். ஆகவே இடப்பக்கத்துக் குறி நல்ல குறி. கிரேக்கர்கள் வடக்கைப் பார்த்து நின்று சகுனம் பார்த்தார்கள். அவர்களுக்குக் கிழக்கு வலப்பக்கம். பிற்பாடு கிரேக்கரின் வழக்கம் ரோமுக்குள் பரவியபோது சினிஸ்டர் என்ற அதே சொல் தீக்குறியாகிவிட்டது என்று விளக்கம் சொல்கிறார்கள். சொல்லின் வேரைப் பற்றி அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. 'அதிகம் பயன் தருவது' என்ற பொருளுள்ள ஒரு சமஸ்கிருதச் சொல்லோடு அதற்கு உறவு இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பயந்த ஒன்றுக்கு நல்ல பெயர் வைத்திருக்கலாம் என்பது அவர்களுடைய ஊகம். நாங்கள் நாகத்தை நல்ல பாம்பு என்று சொல்வதைப்போல.

அகராதியை மூடியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான். அவருக்கு இப்படியான விஷயங்கள் உயிர். பஸ் ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு தரிப்பிடத்தின் பெயருக்கும் பொருள் தேடுவார். வயதான பயணிகளிடம் கேட்பார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வார், நான் அரைக் காதோடு கேட்பேன். மதமும் வைத்தியமும் சொல்லி அவரை அசைக்க முடியாது. ஆனால் இதைச் சொன்னால் அசைவார். இடது கெட்டதல்ல, நிற்கிற திசைதான் வேறு என்று ஒருவர் ஒழுங்காக எடுத்துச் சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே கரண்டியை எடுத்துவிடுவார். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. ரெயிலில் வரும்போது எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

கதவைத் திறந்தபோது அவர் முன்னறையில் இருந்து எட்டிப் பார்த்தார். "வந்திட்டீரோ? உமக்காகத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். நல்ல பசி."

நான் கோட்டைக் கழற்றிவிட்டுக் கையைக் கழுவினேன். பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அன்று சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. மண்டபத்தில் முன்பின் தெரியாத ஆட்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னேன். ஜப்பானியர், அமெரிக்கர், பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் சொல்லவில்லை.

மகள் மான்செஸ்டரில் பார்மசிஸ்டாக வேலை செய்கிறாள். பங்குனியில் ஒரு சனிக்கிழமை வந்தாள். மத்தியானம் நான் தகப்பனுக்கு ஊட்டுவதைப் பார்த்தபடி கொஞ்சநேரம் வாசலில் நின்றாள். அவர் படுக்கப் போனபின் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அம்மா, தெரபிஸ்ட் என்னோட போன்ல கதைச்சவ. அப்பா தானாச் சாப்பிடுறார், சூப்பர் எண்டு சொன்னா. வாட் இஸ் திஸ்?"

"அவர் இடக்கையால சாப்பிடமாட்டன் எண்டுறார். நான் என்ன செய்ய?"

"பசிச்சா சாப்பிடுவார்."

"பட்டினி போடச் சொல்லுறியோ?"

"அதில்லை அம்மா. நீங்கள் வேலைக்குப் போனா மூண்டு மணி வரைக்கும் சாப்பிடாமல் இருக்கிறார். அந்த டயபிற்றிஸ் குளிசை போட்டா நேரத்துக்குச் சாப்பிடவேணும். இல்லாட்டி சீனி இறங்கிப்போகும். அது டேஞ்சர். நான் எத்தினை தரம் சொன்னனான்?"

"நான் பாத்துக்கொள்ளுவன்."

அவள் என்னையே பார்த்தாள். "அம்மா, ஒண்டு சொல்லட்டோ? நீங்கள் இதை அப்பாவுக்காகச் செய்யேல்லை. உங்களுக்கு இது விருப்பம்."

யாராவது கன்னத்தில் அடித்தால் உடனே திருப்பி அடிக்கத் தோன்றுமே, அப்படித்தான் என் வாயிலிருந்து வந்தது. "நீயும் ஒரு கலியாணம் கட்டியிருந்தா உனக்கு விளங்கியிருக்கும்."

அவளுக்கு அது எந்த இடத்தில் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். "ஓகே அம்மா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போவதாக இருந்தவள் காலையிலேயே போய்விட்டாள். தகப்பனைக் கன்னத்தில் கொஞ்சிவிட்டு, என்னிடம் "வாறன்" என்று மட்டும் சொன்னாள்.

சித்திரையில் ஒரு வியாழக்கிழமை. காட்சிச்சாலைக்கு ஒரு பெரிய குழு காலை வெள்ளெனவே வரப்போகிறது என்று என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவசர அவசரமாகக் குளிசையைக் கொடுத்து, இடியப்பத்தைச் சொதியில் பிசைந்து இரண்டு மூன்று வாய் ஊட்டினேன். நேரமாகிவிட்டது. "மிச்சத்தை வந்து தாறன்" என்றேன். "ஓம் ஓம், ஓடும்" என்றார்.

திரும்பி வரும்போது ஏர்ல்ஸ் கோர்ட்டுக்கு வருமுன்னரே ரெயில் சுரங்கத்துக்குள் நின்றது. சிக்னல் பழுது என்று அறிவித்தார்கள். போனுக்கு இணைப்பு இல்லை. முதலில் எல்லோரும் பொறுமையாக இருந்தார்கள். பிறகு ஒருவர் ஒருவராகக் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். மேசையில் மூடி வைத்த இடியப்பம் என் கண்முன்னால் நின்றது. அவருக்கு எட்டும் தூரத்தில்தான் வைத்திருந்தேன். கரண்டியும் பக்கத்தில் இருந்தது. எடுத்துச் சாப்பிடுங்கோ, எடுத்துச் சாப்பிடுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் எடுக்கமாட்டார் என்றும் தெரிந்தது. எடுக்கவிடாமல் பழக்கியது நான்தான் என்பதும் அந்த இருட்டுக்குள் வைத்துத்தான் முதன்முதலாக மறைக்க முடியாமல் தெரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கூப்பிட்டேன். பதில் இல்லை. சமையலறை நிலத்தில், அலுமாரியில் சாய்ந்தபடி இருந்தார். சேர்ட் தெப்பமாக நனைந்திருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. என்னைப் பார்த்தார், ஆனால் அவருக்கு என்னைத் தெரியவில்லை.

"பின்னுக்குப் போங்கோ" என்றார். நாக்குத் தடித்துக் குழறியது. "பின்னுக்கு இடம் இருக்கு. எல்லாரும் போகலாம்."

சீனியைத் தண்ணீரில் கரைத்து அவர் உதட்டில் வைத்தேன். பாதி அவர் நெஞ்சில் வழிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினார். அம்புலன்ஸுக்குப் போன் அடித்துவிட்டு மறுபடி கொடுத்தேன். அவர்கள் வந்து சேர்ந்தபோது அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத் தெளிந்துவிட்டார். விரலில் குத்தி இரத்தம் பார்த்த இளைஞன் என்னிடம் கேட்டான், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று.

"காலையில் கொஞ்சம். நான் வரும் வரைக்கும் காத்திருப்பார்."

"தானாகச் சாப்பிட முடியாதா?"

"முடியும்" என்றேன்.

அவர்கள் போனபின்தான் கவனித்தேன். கதிரைக்கு அடியில் பிஸ்கட் டின் கிடந்தது. தகர டின், இறுக்கமான வட்ட மூடி. ஒரு பக்கம் நெளிந்திருந்தது. மூடியைச் சுற்றி நகம் கீறிய அடையாளம். நான் அதை எடுத்ததைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார், "திறக்கப் பாத்தனான். அந்தர அவசரத்தில எந்தக் கையாலயாவது தின்னுவம் எண்டுதான் எடுத்தனான். இந்தக் கைக்கு ஒண்டும் தெரியேல்லை."

இடக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரோ வேறொருவரின் கையைப் பார்ப்பதுபோல.

அடுத்த நாள் காலை, தேத்தண்ணீரை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே இருந்தேன். "உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்" என்றேன். "அந்தத் தெரபிஸ்ட் பிள்ளைக்கு நான் பொய் சொன்னனான். நீங்கள் தானாச் சாப்பிடுறியள் எண்டு."

"தெரியும்" என்றார்.

"எப்பிடி?"

"குளியலறைக் கதவு திறந்துதானே கிடந்தது. மேல நிண்டு கேட்டனான். எனக்கும் அது வசதியாத்தான் இருந்தது. நீர் ஊட்ட நான் இருந்து திண்டன். அதில உம்மை மட்டும் குத்தம் சொல்ல ஏலாது."

எனக்கு அழுகை வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மிச்சமும் சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றியது. மண்டபத்துக்கு வருகிறவர்களுக்கு நான் விளக்கும் கேடயத்தைப் பற்றிச் சொன்னேன். டெக்ஸ்டர், சினிஸ்டர், தெற்கைப் பார்த்து நின்ற ரோமர், வடக்கைப் பார்த்து நின்ற கிரேக்கர். அவர் முகம் மாறிக்கொண்டு வந்தது. தேத்தண்ணீரை மறந்துவிட்டார். முன்னால் குனிந்து கேட்டார். நான் முடிக்குமுன் அவரே குறுக்கிட்டார்.

"அப்ப ரெண்டு பேருக்கும் நல்லது எண்டது கிழக்குத்தான். ஆக்கள் நிண்ட பக்கம்தான் வேற."

"ஓம்."

"சொல் பாவம். அது ஒண்டும் செய்யேல்லை." சிரித்தார். பாரிசவாதத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பிறகு கேட்டார், "இதை எப்ப வாசிச்சனீர்?"

பொய் சொல்லியிருக்கலாம். "தை மாசம்" என்றேன்.

"இப்ப சித்திரை."

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் கரண்டியை எடுத்திடுவியள் எண்டு தெரியும். அதாலதான் சொல்லேல்லை."

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். சிரிப்பு முழுவதும் முகத்திலிருந்து போய்விட்டது. "அந்தப் பிள்ளைக்குப் பொய் சொன்னது எனக்குப் பெரிசில்லை" என்றார். "ஆனா இதை நீர் எனக்குச் சொல்லாமல் வைச்சிருந்தீரே. ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லியிருக்கிறீர். எனக்குச் சொல்லேல்லை."

அன்று மத்தியானம் அவர் கரண்டியை இடக்கையில் எடுத்தார். சோறு மேசையெல்லாம் கொட்டியது. பருப்பு சேர்ட்டில் வழிந்தது. நான் ஒருமுறை துடைக்கக் கையை நீட்டினேன். "விடும்" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு சில நாள் நாங்கள் தேவைக்கு மட்டும்தான் பேசினோம். அவர் சாப்பிட்டு முடிய அரை மத்தியானம் போகும். நான் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். கரண்டி தட்டில் மோதும் சத்தம் ஒவ்வொன்றும் எனக்குக் கேட்கும்.

அந்தக் கிழமையில் மகளுக்குப் போன் அடித்தேன். நடந்ததைச் சொன்னேன். "நீ சொன்னதுதான் சரி" என்றேன். "உன்னைப் பற்றி நான் சொன்னது பிழை. அது என்ர கோபம்." "அப்பா எப்பிடி இருக்கிறார்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "நீங்கள் எப்பிடி இருக்கிறியள்?" என்றாள்.

தெரபிஸ்ட் வந்தபோது அவளுக்கும் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. நிறையப் பேர் இப்படிச் செய்வதுண்டு, அன்பினால்தான் செய்கிறார்கள் என்றாள். அன்பினால் என்று அவள் சொன்னது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. இழந்த மாதங்களைத் திரும்பப் பிடிக்க முடியுமா என்று கேட்டேன். இடது கை பழகிவிடும் என்றாள். வலது கையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் சொற்களைத் தேடினாள். ஆரம்ப மாதங்கள் முக்கியமானவை, ஆனால் ஊட்டாமல் விட்டிருந்தால் வந்திருக்கும் என்றும் யாராலும் சொல்ல முடியாது என்றாள். யாராலும் சொல்ல முடியாது என்பதை நான் இன்றுவரை இரண்டு விதமாகவும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வைகாசியில் ஒருநாள் அவராகவே சொன்னார், "அந்தக் கேடயத்தைப் பாக்கவேணும்."

என் விடுமுறை நாளில் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் அவர் தடியை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பிறகு நான் சொல்லாமலே திரும்பிக் கணப்பு அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றார், அந்தக் கேடயத்தைத் தானே பிடித்திருப்பதுபோல.

"இப்ப சிங்கம் என்ர வலப்பக்கம். நீர் இந்தப் பக்கம் வாரும்." தலையால் தன் இடப்பக்கத்தைக் காட்டினார். போய் நின்றேன். அங்கே நின்ற ஒரு தம்பதி எங்களைப் பார்த்துச் சிரித்தது.

"அந்த மனுசியின்ர குருவியளுக்கு ஏன் கால் இல்லை?" என்று கேட்டார்.

"அப்பிடித்தான் கீறுறது. மண்ணில இறங்காத குருவியாம்."

"அதுக்குக் கால் வழங்கேல்லை, எனக்குக் கை வழங்கேல்லை" என்றார். பகிடிதான். ஆனால் அவர் என் பக்கம் திரும்பவில்லை. கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கேட்டால் தீர்ந்துவிட்டது என்றுதான் சொல்வார்.

கோடை வந்தபோது அவர் தனியாக பஸ் ஏறிப் போகத் தொடங்கினார். வியாழக்கிழமைகளில் டூட்டிங்கில் ஒரு கடையில், முன்னர் அவரோடு பஸ் ஓட்டிய ஆட்கள் கூடுவார்கள். அங்கே போய் இடக்கையால் தோசையும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு வருவார். கரண்டி இல்லாமல், கையால். முதல் நாள் போய் வந்தபோது கேட்டேன், ஆராவது ஏதும் சொன்னவையோ என்று.

"ஒருத்தரும் பாக்கேல்லை" என்றார். "அவையவைக்கு அவையவையின்ர சாப்பாடு." காலிலிருந்த சப்பாத்தை ஒற்றைக் கையால் கழற்றிக்கொண்டே சொன்னார், "அடுத்த கிழமை நீரும் வாரும்."

போனேன். மூலையில் இருந்த மேசையில் எதிரெதிரே இருந்தோம். இரண்டு தோசை வந்தது. அவர் இடக்கையால் ஒரு துண்டைப் பிய்த்தார். அது முதலில் கிழிபடவில்லை, தட்டோடு சேர்ந்து இழுபட்டது. மறுபடி பிடித்தார். அவருடைய வலது கை மேசையில், தட்டின் ஓரத்தில் அசையாமல் கிடந்தது. சம்பல் கொஞ்சம் நாடியில் ஒட்டியது. பக்கத்து மேசையில் யாரோ பெரிதாகச் சிரித்தார்கள், வேறு எதற்கோ. நான் என் தோசையைத் தின்றேன். அவர் கையை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டேன்.